வேலையிடச் செய்திகளில் மரியாதை: நீலகிரியிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேயிலைத் தொழிற்சாலை, காட்டேஜ், பள்ளி அலுவலகம், காய்கறி மண்டி, கூட்டுறவுச் சங்கம் என்று நீலகிரியில் எந்த வேலையை எடுத்துக்கொண்டாலும் பாதிப் பேச்சு இப்போது கைபேசியில்தான் நடக்கிறது. கோத்தகிரியில் இருப்பவரும் கூடலூரில் இருப்பவரும் நேரில் சந்திப்பது அபூர்வம். ஒருவர் எழுதும் செய்தியும் அவருடைய போனில் ஒலிக்கும் பதிவுக் குரலுமே மற்றவருக்கு அவருடைய முகம். அலுவலகக் கடிதங்களோடும் செய்திகளோடும் நாள் முழுவதும் மல்லுக்கு நிற்பவன் என்பதால் என்னிடம் பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் என் விருப்பு வெறுப்பும் கலந்திருக்கும். ஒப்புக்கொள்ளாதவர்கள் தாராளமாகத் தள்ளிவிடலாம்.

‘அனுப்பவும்’ என்று எழுதுவது மரியாதையா, கட்டளையா?

இலக்கணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நீ என்பதா, நீங்கள் என்பதா, தாங்கள் என்பதா என்ற தலைவலியே இல்லாமல் எல்லாருக்கும் பொருந்தும் வடிவம் அது. அதனால்தான் ‘காலணிகளை வெளியே விடவும்’, ‘சரியான சில்லறை தரவும்’ என்று பலகைகளும் படிவங்களும் சுற்றறிக்கைகளும் அதை விரும்புகின்றன. ஊருக்கே பேசும்போது அது பொருத்தமானது. ஒரே ஒருவருக்கு எழுதும்போது அந்தப் பொதுத்தன்மைதான் உறுத்துகிறது. ‘நேற்றைய எடைச் சீட்டை அனுப்பவும்’ என்ற செய்தியில் அனுப்புகிறவரும் இல்லை, பெறுகிறவரும் இல்லை. ‘நேற்றைய எடைச் சீட்டை அனுப்பிவையுங்கள், கணக்கை இன்றே முடிக்க வேண்டும்’ என்றால் இருவரும் வந்துவிடுகிறார்கள், காரணமும் வந்துவிடுகிறது.

‘அனுப்ப முடியுமா?’ என்பது இன்னும் மென்மை. ஆனால் ‘முடியாது’ என்ற பதிலை ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தால் மட்டும் அப்படிக் கேளுங்கள். ‘ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா?’ என்று கேட்டுவிட்டு, முடியாது என்றவுடன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் மேலாளரைவிட, ‘இந்த ஞாயிறு கட்டாயம் வர வேண்டியிருக்கிறது, பதிலுக்குப் புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று நேராகச் சொல்லும் மேலாளர் எவ்வளவோ மேல்.

கேட்கும் முறையில் படிநிலை பார்ப்பது நம் மொழிக்குப் புதிதில்லை. தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் ‘ஈ’ என்றும், ஒத்தவர் ‘தா’ என்றும், உயர்ந்தவர் தாழ்ந்தவரிடம் ‘கொடு’ என்றும் கேட்பார்கள் என்று தொல்காப்பியமே பிரித்து வைத்திருக்கிறது. அந்தப் பிரிவினை இன்று மங்கிவிட்டது. மிச்சமிருக்கும் நடுப்படியான ‘தாருங்கள்’ எல்லாரிடமும் செல்லும். அலுவலகத்துக்கு அது ஒன்றே போதும்.

எல்லாவற்றிலும் ‘தயவுசெய்து’ சேர்த்துவிட்டால் போதாதா?

போதாது. ‘தயவுசெய்து இனிமேலாவது நேரத்துக்கு வாருங்கள்.’ இதில் ‘தயவுசெய்து’ இருக்கிறது, ‘வாருங்கள்’ இருக்கிறது. ஆனாலும் கேட்டவருக்குச் சுருக்கென்று தைக்கும். குத்துகிற முள் ‘ஆவது’ என்ற ஒட்டில் இருக்கிறது. இதுவரை நீங்கள் ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை என்ற முழுக் குற்றப்பத்திரிகையும் அதற்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

தமிழில் அவமரியாதை பெரும்பாலும் இப்படிச் சின்ன ஒட்டுகளில்தான் குடியிருக்கிறது. ‘இதுகூடத் தெரியாதா?’ என்பதில் ‘கூட’. ‘நீங்கள்தானே பொறுப்பு?’ என்பதில் ‘தானே’. ‘சொன்னேனே’ என்பதில் நீளும் ஏகாரம். ‘ஏற்கெனவே அனுப்பியிருக்கிறேன்’ என்பதில் முதல் சொல். ‘என்னமோ செய்யுங்கள்’ என்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நேரில் பேசும்போது ஒரு சிரிப்பு இவற்றின் முனையை மழுக்கிவிடும். எழுத்தில் சிரிப்பு போய்ச் சேராது. முள் மட்டும் போய்ச் சேரும்.

எனவே அனுப்புமுன் நான் பார்க்கச் சொல்வது ‘தயவுசெய்து’ இருக்கிறதா என்பதை இல்லை; ‘ஆவது’, ‘கூட’, ‘தானே’ ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்பதை. ‘போன வாரம் அனுப்பிய பட்டியலையே மறுபடி இணைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்’ என்றால் ‘ஏற்கெனவே’ சொல்ல வந்த செய்தி சேதாரமில்லாமல் போய்ச் சேரும்.

‘நாளை இலை எடுக்க மாட்டோம்’ என்று விவசாயிகளுக்கு எப்படிச் சொல்வது?

இது தொழிற்சாலை அலுவலகங்களிலிருந்து வரும் கேள்வி. விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மரியாதை எங்கே இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது.

ஒரு சிறு தேயிலை விவசாயி காலையில் ஆள் வைத்துக் கொழுந்து பறிக்கிறார். பறித்த இலை காத்திருக்காது. சாக்கில் அடைத்துக் கிடந்தால் உள்ளே சூடேறிச் சிவந்துவிடும். பிறகு யாரும் வாங்க மாட்டார்கள். பறித்தவருக்குக் கூலி கொடுத்தே ஆக வேண்டும். இந்த நிலையில் காலை ஒன்பதரை மணிக்கு அவருடைய கைபேசியில் இப்படி ஒரு செய்தி வருகிறது:

‘பெருமதிப்பிற்குரிய விவசாயப் பெருமக்களுக்குப் பணிவான வணக்கங்கள். தவிர்க்க இயலாத காரணங்களால் இன்று பசுந்தேயிலை கொள்முதல் செய்யப்பட மாட்டாது என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறோம். ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம்.’

சொல்லுக்குச் சொல் மரியாதை. ஆனால் செய்தி முழுவதும் அவமரியாதை. எட்டு மணிக்கே பறிப்புத் தொடங்கிவிட்டது என்பது அனுப்பியவருக்குத் தெரியும். காரணம் சொல்லவில்லை. நாளைக்கு என்ன என்று சொல்லவில்லை. பறித்த இலையை என்ன செய்வது என்று சொல்லவில்லை. யாரிடம் கேட்பது என்றும் சொல்லவில்லை. இதையே முந்திய நாள் மாலை ஐந்து மணிக்கு இப்படி அனுப்பியிருக்கலாம்:

‘டிரையர் பழுதாகிவிட்டது. நாளை செவ்வாய்க்கிழமை இலை வண்டி வராது, பறிக்க வேண்டாம். புதன் காலை வழக்கம்போல் வரும். இன்று பறித்த இலையை இரவு ஏழு மணி வரை தொழிற்சாலை வாசலில் எடை போட்டு எடுத்துக்கொள்கிறோம். சந்தேகம் இருந்தால் சூப்பர்வைசரை அழையுங்கள்.’

இதில் ஒரு வணக்கம்கூட இல்லை. ஆனாலும் எந்த விவசாயியைக் கேட்டாலும் இரண்டாவது செய்தியை அனுப்பியவரைத்தான் மரியாதை தெரிந்தவர் என்பார். வணக்கம் சேர்த்தால் இன்னும் நல்லது, தடையில்லை. ‘தவிர்க்க இயலாத காரணங்களால்’ என்ற தொடரை மட்டும் அலுவலகக் கணினியிலிருந்தே அழித்துவிடுங்கள். ‘உங்களுக்குக் காரணம் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கில்லை’ என்பதற்கு அது பட்டுத்துணி போர்த்திய வடிவம்.

தாமதமாக வருவதை எப்படித் தெரிவிப்பது?

‘லேட் ஆகும் சார்’ என்பது தகவலே இல்லை. ‘பர்லியார் பக்கம் மரம் விழுந்து பஸ் நிற்கிறது. பத்தரைக்கு முன் வர முடியாது. வங்கிக்குப் போக வேண்டிய சீட்டு என் மேசையின் இடது இழுப்பறையில் இருக்கிறது, அவசரமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்பது தகவல். கடைசி வாக்கியத்துக்காகவே மன்னித்துவிடத் தோன்றும்.

பதில் எழுதுகிற மேலாளருக்கும் ஒரு வார்த்தை. ‘மழை எல்லாருக்கும்தான் பெய்கிறது’ என்று எழுத ஒரு நொடி போதும். அதைக் கேட்டவர் மறக்கப் பல வருடம் ஆகும். மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டால் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகச் சுற்றிவிடுவார்கள் என்பது மலையில் எல்லாருக்கும் தெரியும். ‘கோத்தகிரி வழியாக விடுகிறார்களா என்று பாருங்கள், பத்திரமாக வாருங்கள்’ என்றால் வேலையும் நடக்கும், மனமும் கெடாது.

அழைப்பது எப்படி: சார், பெயர், அண்ணன், அக்கா, ஐயா?

மலையில் இது சிக்கலான விஷயம். தேயிலைத் தோட்டத்தில் மேலாளரைப் பெரிய துரை என்றும் உதவி மேலாளரைச் சின்ன துரை என்றும் அழைத்த வழக்கம் வெள்ளைக்காரர் போனபிறகும் வெகுகாலம் ஓடியது. பேச்சில் இன்னும் அங்கங்கே கேட்கிறது. எழுத்தில் வேண்டாம். ‘சார்’, ‘மேடம்’ இரண்டும் இப்போது தமிழ்ச் சொற்களாகவே ஆகிவிட்டன, கூச்சமில்லாமல் எழுதலாம். முதல் கடிதம் என்றால் பெயருக்குப் பின் ‘அவர்கள்’ சேர்ப்பது நல்ல வழக்கம்.

உறவுமுறை சொல்லி அழைப்பதை அலுவலகத்துக்கு ஆகாது என்று சிலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தன் தாய் வயதுள்ள பறிப்புத் தொழிலாளியிடம் இருபத்தைந்து வயதுச் சூப்பர்வைசர் ‘அம்மா, நாளைக்கு மேல் காட்டில் பறிப்பு’ என்று சொல்வதில் என்ன குறை? பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் குறை. ஆனால் உறவுச் சொல் இரண்டு பக்கமும் ஓட வேண்டும். நான் உன்னைத் ‘தம்பி’ என்பேன், நீ என்னை ‘சார்’ என்றே சொல்ல வேண்டும் என்றால் அங்கே தம்பி என்பது உறவில்லை, உயரம் அளக்கும் கோல்.

‘நீ’ பற்றி ஒரே ஒரு விதி. நேரில் நீ, வா, போ என்று பழகியவர்களாக இருந்தாலும், பலர் படிக்கும் குழுவில் ‘நீங்கள்’ என்று எழுதுங்கள். உங்கள் இருவரின் நெருக்கம் மற்ற முப்பது பேருக்குத் தெரியாது.

பெண்களுக்குத் திருமதியா, செல்வியா?

தெரியாவிட்டால் ‘திருமிகு’ எழுதுங்கள். ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும், மணமானவரா என்ற விசாரணையும் இல்லை. ‘நீங்கள் மிஸ்ஸா மிசஸா?’ என்று விலைப்பட்டியல் அனுப்பக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கூடலூர்க் கிளையில் ஒருவர் ‘மேனேஜர் நாளைக்கு வரும்’ என்று எழுதுகிறார். வேண்டுமென்றே செய்கிறாரா?

பெரும்பாலும் இல்லை. கூடலூர், பந்தலூர் பக்கம் பலருக்குத் தாய்மொழி மலையாளம். மலையாள வினையில் அவன், அவள், அவர், அது எல்லாவற்றுக்கும் முடிவு ஒன்றுதான். வந்தான், வந்தாள், வந்தார், வந்தது என்று நாம் வாலில் காட்டும் மரியாதை அங்கே வினையில் இல்லை. அங்கே மரியாதையைப் பெயரிலும் அழைக்கும் விதத்திலும் காட்டுவார்கள். அந்தப் பழக்கத்தில் தமிழ் எழுதும்போது விகுதி வழுக்கிவிடுகிறது. அவர் ‘சார்’ என்று தொடங்கியிருக்கிறாரா என்று பாருங்கள். தொடங்கியிருந்தால் மரியாதை வந்து சேர்ந்துவிட்டது. திருத்த வேண்டுமென்றால் தனியாகச் சொல்லுங்கள். குழுவில் பத்துப் பேர் முன்னால் இலக்கண வகுப்பு எடுப்பவர், விகுதியை விட்டவரைவிடப் பெரிய தவறு செய்கிறார்.

‘நாம்’, ‘நாங்கள்’: எங்கே எது?

கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’, விலக்கினால் ‘நாங்கள்’. இந்த வசதி இருந்தும் அலுவலகக் கடிதங்கள் அதைத் தலைகீழாகப் பயன்படுத்துகின்றன. ‘நாம் உங்கள் முன்பதிவைத் தவறாகப் பதிவு செய்துவிட்டோம்’ என்று ஒரு விடுதி எழுதினால், தவறில் விருந்தாளிக்கும் பங்கு கொடுத்தாகிவிட்டது. மன்னிப்பு எப்போதும் ‘நாங்கள்’. சக ஊழியர்களிடம் வேலை கேட்கும்போது ‘நாம்’. ‘சீசனுக்கு முன் நாம் இந்தக் கணக்கை முடித்துவிட வேண்டும்’ என்றால் கேட்பவரும் மேசையைச் சுற்றி வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

இதோடு சேர்த்து இன்னொன்று. ‘தவறு நடந்துவிட்டது’, ‘பில் மாற்றி அனுப்பப்பட்டுவிட்டது’ என்ற ஆளில்லாத வாக்கியங்கள் மன்னிப்பாகாது. பில் தானாக நடந்து போகவில்லை. ‘பில்லை மாற்றி அனுப்பிவிட்டோம், சரியானது இதோ’ என்றால் முடிந்தது.

‘தாழ்மையுடன் வேண்டுகிறேன்’ இல்லாமல் விடுப்புக் கடிதம் எழுதலாமா?

எழுதலாம். அரசு அலுவலகத்துக்கான விண்ணப்பம் என்றால் அனுப்புநர், பெறுநர், பொருள் என்ற சட்டகத்தை விடாதீர்கள்; கோப்பைப் பார்ப்பவருக்கு அது வேலையை எளிதாக்குகிறது. நடுவில் இருக்கும் வாக்கியங்களுக்கு முதுகை வளைக்க வேண்டிய அவசியம் இல்லை. ‘என் மகளுக்கு வரும் திங்கட்கிழமை கோவையில் மருத்துவப் பரிசோதனை இருக்கிறது. அன்று ஒரு நாள் விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்பதில் மரியாதைக்கு என்ன குறை?

செய்தியைப் பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை. நீல டிக் வந்துவிட்டதே?

வாட்ஸ்அப்பில் ஒரு டிக் என்றால் செய்தி கிளம்பிவிட்டது, இரண்டு சாம்பல் டிக் என்றால் போய்ச் சேர்ந்தது, நீலம் என்றால் திறந்து பார்த்தாகிவிட்டது. பார்த்தார் என்பதற்கு அது சாட்சி. படித்து யோசித்து முடித்தார் என்பதற்குச் சாட்சி அல்ல. நீலத்தைத் தவிர்க்க அமைப்பில் ‘படித்ததற்கான ஒப்புதலை’ அணைத்து வைக்கலாம். ஆனால் குழுவில் போடும் செய்திகளுக்கு அந்த மறைப்புச் செல்லாது.

மலையில் ஒரு டிக்கிலேயே செய்தி மணிக்கணக்கில் நிற்பதுண்டு. மஞ்சூர் தாண்டிக் காட்டுச் சாலையில் போகிறவர் வேண்டுமென்றே உங்களைத் தவிர்க்கவில்லை. சிக்னல் அவரைத் தவிர்க்கிறது. அவசரமென்றால் அடுத்தடுத்து நான்கு கேள்விக்குறி போடாமல், ‘சிக்னல் கிடைத்ததும் அழையுங்கள்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். பார்த்தவர் பக்கம் உள்ள கடமை: ‘பார்த்தேன், மாலைக்குள் சொல்கிறேன்.’ மூன்றே சொற்கள்.

குரல் செய்தி அனுப்புவது மரியாதைக் குறைவா?

யாருக்கு என்பதைப் பொறுத்தது. எழுத்து வாசிக்கச் சிரமப்படும் தொழிலாளிக்கும், கையில் கவாத்துக் கத்தியோடு நிற்பவருக்கும் குரல் செய்திதான் மரியாதை. கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் மேலாளருக்கு நாலு நிமிடக் குரல் செய்தி அனுப்பி, அதன் நடுவில் எங்கேயோ ஒரு தொகையைச் சொல்வது கொடுமை. தேதி, தொகை, வண்டி எண் ஆகிய மூன்றையும் எழுத்தில் போடுங்கள். விளக்கத்தைக் குரலில் சொல்லுங்கள். சிக்னல் பலவீனமான இடத்தில் எழுத்துத் தத்தித் தத்தியாவது போய்விடும், குரல் சுற்றிக்கொண்டே நிற்கும்.

இரவில் செய்தி அனுப்பலாமா?

மின்னஞ்சல் அனுப்பலாம், காலை எட்டு மணிக்குப் போகும்படி நேரம் குறித்து வைத்தால் இன்னும் நல்லது. வாட்ஸ்அப் என்றால் அவசரத்துக்கு மட்டும். ‘காலையில் பார்த்தால் போதும்’ என்று சேர்த்துவிட்டால் குற்ற உணர்வு குறையும் என்று நினைத்து இரவு பதினொரு மணிக்கு அனுப்புபவர்கள் உண்டு. குறைவது அனுப்பியவரின் குற்ற உணர்வுதான். அடுத்தவரின் தூக்கம் கலைந்தது கலைந்ததுதான்.

‘ஓகே’, ‘ம்’, கட்டைவிரல் படம்: இவை பதிலா?

கட்டைவிரல் பதில்தான். ‘ம்’ பதிலில்லை.

மண்டியிலிருந்து பணம் வரவில்லை. உறவு கெடாமல் எப்படிக் கேட்பது?

கேட்பதற்குக் கூச்சப்பட்டு மூன்று வாரம் பேசாமல் இருந்துவிட்டு, நாலாவது வாரம் ‘உங்களை நம்பியது என் தப்பு’ என்று வெடிப்பதுதான் நம் வழக்கமான முறை. அதைவிட, கெடு முடிந்த மறுநாளே வறண்ட குரலில் கேட்டுவிடுவது நல்லது. ‘12ஆம் தேதி ஏற்றிய 40 மூட்டை கேரட்டுக்கான தொகை 19ஆம் தேதிக்குள் வர வேண்டியது. இன்னும் வரவில்லை. எந்த நாள் போடுவீர்கள் என்று சொன்னால் அதற்கேற்ப உரக்கடைக்குச் சொல்லிக்கொள்கிறேன்.’ இதில் குற்றச்சாட்டு இல்லை. தேதி இருக்கிறது, அளவு இருக்கிறது, பதில் சொல்ல ஒரு கேள்வி இருக்கிறது. ‘எப்போது தருவீர்கள்?’ என்பது சண்டைக்கு அழைப்பது. ‘எந்த நாள்?’ என்பது நாட்காட்டியைப் பார்க்க வைப்பது.

போனை எடுத்ததும் என்ன சொல்வது?

எடுப்பவர் நிறுவனத்தின் பெயரைச் சொல்லி வணக்கம் சொல்ல வேண்டும். அழைப்பவர் தன் பெயரையும் ஊரையும் சொல்ல வேண்டும். அழைத்துவிட்டு ‘யார் பேசுவது?’ என்று எதிராளியை விசாரிப்பவர்கள் மலையிலும் உண்டு, சமவெளியிலும் உண்டு. அவர்களிடம் ‘நீங்கள் யாரைத் தேடுகிறீர்கள்?’ என்று அமைதியாகக் கேளுங்கள், சண்டை வேண்டாம்.

நம் ஊரில் வாய்ஸ்மெயில் யார் கேட்கிறார்கள்? பதிவுக் குரல் எதற்கு?

உண்மை. நம் பழக்கம் மிஸ்டு கால். விட்ட அழைப்பைப் பார்த்தவர் திரும்ப அழைப்பார். ஆனாலும் காட்டேஜ்களின் அலுவலக எண், பள்ளிகளின் பொது எண், வெளிநாட்டு வாடிக்கையாளர் உள்ள தேயிலை ஏற்றுமதி அலுவலகம் ஆகியவற்றில் பதிவுக் குரல் இருக்கிறது. வாய்ஸ்மெயிலே இல்லாத இடத்திலும் அதே வேலையைத் தானியங்கி வாட்ஸ்அப் பதில் செய்கிறது. இரண்டிலும் செய்யப்படும் தவறுகள் ஒரே வகை.

காட்டேஜுக்கு நல்ல பதிவுக் குரல் எப்படி இருக்க வேண்டும்?

பொதுவாகக் கேட்பது இது: ‘எங்களை அழைத்தமைக்கு மிக்க நன்றி. தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தற்போது அனைத்து ஊழியர்களும் பணியில் உள்ளனர். தயவுசெய்து சிறிது நேரம் கழித்து அழைக்கவும்.’

எந்த விடுதி என்று தெரியவில்லை. சிறிது நேரம் என்றால் பத்து நிமிடமா, நாளைக் காலையா? ‘மிகவும் முக்கியமானது’ என்று சொல்லிக்கொண்டே எடுக்காமல் இருப்பது கேட்பவரைக் கேலி செய்வதுபோல் இருக்கிறது. பின்னணியில் வீணை வேறு.

இதற்குப் பதிலாக: ‘வணக்கம். இது கோத்தகிரி காட்டேஜ் அலுவலகம். காலை எட்டு முதல் இரவு எட்டு வரை பேசுவோம். உங்கள் பெயர், தொடர்பு எண், வரும் தேதி மூன்றையும் ஒலிக்குப் பின் சொல்லுங்கள். நாளை காலை பத்து மணிக்குள் அழைக்கிறோம். இப்போது வழியில் இருப்பவர்கள் இதே எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள், காவலர் பார்ப்பார்.’

‘வழியில் இருப்பவர்கள்’ என்ற கடைசி வரிதான் மலைக்கு முக்கியம். பனிமூட்டத்தில் வளைவுக்கு வளைவு நின்று நின்று ஏறிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு நாளைக் காலைப் பதில் எதற்கு? சொன்ன நேரத்துக்குள் அழைப்பது அதைவிட முக்கியம்; பத்து மணி என்றால் பத்து மணி. முடியாது என்று தோன்றினால் ‘நாளை மாலைக்குள்’ என்றே பதிவு செய்யுங்கள்.

குரலைப் பற்றியும் கேட்கிறார்கள். வாசிப்பதுபோல் இல்லாமல் பேசுவதுபோல் பதிவு செய்யுங்கள். எண்களை இரண்டு இரண்டாக, நிறுத்திச் சொல்லுங்கள். மொத்தம் அரை நிமிடம் தாண்டக் கூடாது. அலுவலக எண்ணுக்குச் சினிமாப் பாட்டைக் காலர் ட்யூனாக வைப்பது அவரவர் விருப்பம். இரங்கல் சொல்ல அழைப்பவரும் அதைத்தான் கேட்பார் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

வாட்ஸ்அப் பிசினஸில் தானியங்கிப் பதில் வைத்திருக்கிறோம். அதில் என்ன எழுதலாம்?

முதலில் அது எப்போது போகும் என்று தெரிந்துகொள்ளுங்கள். வரவேற்புச் செய்தி முதன்முறை எழுதுபவருக்கும், 14 நாள் பேச்சில்லாமல் இருந்து மறுபடி எழுதுபவருக்கும் போகும். ‘இப்போது இல்லை’ என்ற செய்தி நீங்கள் குறித்த நேரத்தில் போகும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, பத்து வருட வாடிக்கையாளருக்கு ‘எங்களை முதன்முறை தொடர்பு கொண்டமைக்கு நன்றி’ என்று அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

விடுதி என்றால் இ-பாஸ் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்களில் வர இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. டிஎன் 43 பதிவெண் கொண்ட உள்ளூர் வண்டிகளுக்குத் தேவையில்லை. ‘இ-பாஸ் இல்லாவிட்டால் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று எழுதுபவர் விருந்தாளியை வாசலிலேயே நிறுத்துகிறார். ‘கிளம்புமுன் வீட்டிலிருந்தே இ-பாஸ் எடுத்துவிடுங்கள், சோதனைச் சாவடியில் காத்திருக்க வேண்டாம், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு இங்கே தடை, தண்ணீர் நாங்கள் வைத்திருக்கிறோம்’ என்பவர் பாதி வழி இறங்கி வந்து அழைத்துப்போகிறார்.

விடுமுறை நாளுக்கான செய்தி?

நம் மாவட்ட விடுமுறைகள் சென்னைக்காரருக்குத் தெரியாது. ஹெத்தை அம்மன் பண்டிகைக்கும் ஓணத்துக்கும் இங்கே உள்ளூர் விடுமுறை விடும்போது, வெளியூர் வாடிக்கையாளர் ‘வேலைநாளில் எங்கே போனார்கள்?’ என்று எரிச்சல்படுவார். ‘ஹெத்தை பண்டிகைக்காக இன்று நீலகிரி மாவட்டத்தில் விடுமுறை. நாளை காலை ஒன்பது மணிக்கு வேலைக்கு வந்துவிடுவோம்’ என்று இரண்டு வரி வையுங்கள். விடுமுறை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். ஜனவரியில் வைத்த பொங்கல் வாழ்த்து மே மாத மலர்க் கண்காட்சி வரை ஒலித்துக்கொண்டிருந்தால், அந்த அலுவலகத்தில் ஆள் இருக்கிறார்களா என்ற சந்தேகமே வந்துவிடும்.

நான் ஒருவருடைய வாய்ஸ்மெயிலில் செய்தி விட வேண்டும் என்றால்?

பெயர், எண், விஷயம், எப்போது அழைக்கலாம், மறுபடி எண். இந்த வரிசையில் சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். ‘முக்கியமான விஷயம், அழையுங்கள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். கேட்பவர் வீட்டில் யாருக்கோ என்னவோ என்று பதறிப்போவார்.

தவறான குழுவில் போட்டுவிட்டால்?

வாட்ஸ்அப்பில் 15 நிமிடத்துக்குள் என்றால் திருத்தலாம். ஏறக்குறைய இரண்டு நாள் வரை ‘அனைவருக்கும் நீக்கு’ என்ற வழி உண்டு. நீக்கினாலும் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற தடயம் நிற்கும், அதற்குள் பார்த்தவர்கள் பார்த்திருப்பார்கள். வெறும் பட்டியல், பில் என்றால் நீக்கிவிட்டு ‘வேறு குழுவுக்கானது, மன்னிக்கவும்’ என்று எழுதினால் போதும். யாரையாவது பற்றிக் குறை சொல்லியிருந்தால் அந்த வரி போதாது. குழுவில் எதுவும் விளக்காமல், அவரை நேராக அழைத்துப் பேசுங்கள், அன்றைக்கே.